நீளப் பெயர்கள்

ஜூன் 2, திங்கள்

எங்கள் பனியன் கம்பெனியின் பழைய டேட்டாபேஸில் இருக்கும் தொழிலாளர் விவரங்களைப் புதியதற்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றிக் கொடுக்கும் மென்பொருள், கனெக்டர் என்பார்கள், இரண்டு வந்திருக்கின்றன. எது தேவலை என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஒன்று மாட்டுவண்டி. இன்னொன்று டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிடுகிறது. இதில் சோதிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 4, புதன்

இருக்கிறது. வேகமானது ஆட்களைத் தொலைக்கிறது! பெயர் நீளமாக இருந்தால் அந்த ஆளின் வரியையே விட்டுவிட்டுப் போகிறது. பிழை என்று ஒரு வார்த்தை கிடையாது. மெதுவானது அந்த இடத்தில் நின்று கத்துகிறது. நின்று நின்று போவதால்தான் தாமதம்.

சுடலைமாடசாமி இல்லை. அந்தோணியம்மாள் இல்லை. பெரும்பாலும் எங்கள் தென்காசிப் பக்கத்து ஆட்கள். செக்கிங் டேபிளில் பழுதுத் துணி பொறுக்கும் முத்துப்பேச்சி — என் அம்மா — இல்லை.

ஜூன் 5, வியாழன்

முதலாளி மயில்சாமியிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். வேகம் எழுதியிருந்த பக்கத்தோடு மூடிவிட்டார். ஆயிரம் பேரில் முப்பது பேர் விட்டுப்போகிறார்கள் என்று சொன்னேன்.

"மூணு பர்சென்ட் தானுங்களே கண்ணு? துணியில அதுக்கு மேலயே செகண்ட்ஸுன்னு கழிஞ்சு போகுது. வேகமானதையே போட்டு உடுங்க. உட்டுப்போனவங்கள அப்பறம் கையில ஏத்திக்கலாம்."

மனுசங்க சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிங்க சார்" என்று வந்தது.

ஜூன் 9, திங்கள்

இன்றிலிருந்து புதிய டேட்டாபேஸில் பெயர் இருப்பவர்கள் விரல் வைத்தால்தான் கேட் திறக்கும். அம்மா வைத்தாள். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். "பேர் வரலீங்கம்மா, ஓரமா நில்லுங்க" என்றார் வாட்ச்மேன்.

அடுத்து நான். வேல்விழி — சின்னப் பெயர். திறந்தது. உள்ளே போனேன். போனேனே!

ஜூன் 10, செவ்வாய்

விட்டுப்போனவர்களை ஏற்றட்டுமா என்று மயில்சாமியிடம் கேட்டேன்.

"இருக்கட்டுங்க கண்ணு. ஆர்டரும் கம்மியாத்தான் இருக்குது. நாம யாரையும் நிறுத்தல பாருங்க. பேரு ஏறல, அவ்வளவுதானுங்க."

பாவி. யாரிடம் போய்ச் சொல்ல? மாற்றம் நல்லபடியாக முடிந்ததென்று எனக்குப் பாராட்டு வேறு.

ஜூன் 11, புதன்

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் வேலைக்குப் போனேன்.

ஜூன் 12, வியாழன்

அம்மா கேட்டாள்: "ஏட்டி, ஊசி ஓட்டை இருந்தாக்கூட எடுத்துப் போட்டவ நான். என்னையச் செகண்ட்ஸுல போட்டது யாரு?"

"உன் பேரு நீளம்மா, அதான்" என்றேன். ரிப்போர்ட் எழுதியதும், பொத்தானை அழுத்தி வேகமானதை ஓடவிட்டதும் நான்தான் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்?

ஜூன் 21, சனி

அவிநாசிபாளையத்தில் ஒரு சின்ன யூனிட்டில் அம்மாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது, நூல் பிசிறு வெட்ட. செக்கிங் பார்த்தவள்.

எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "பேரு கேட்டாவ. பேச்சின்னு மட்டும் சொல்லிட்டேன். சின்னப் பேருன்னா உள்ள விட்டுருவாவல்லா?"

அங்கே கம்ப்யூட்டரே கிடையாது.