சேங்கொட்டைத் தழும்பு

உ

ஆரப்பாளையம், மதுரை
பிரமாதி வருஷம், மாசி 20

ரங்கூனில் அரிசி மில்லில் இருக்கும் என் மகன் அழகுமலைக்கு, உன் ஆத்தா பாண்டியம்மாள் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்து எழுதச் சொன்னது. இங்கே நானும் உன் தங்கச்சி சுந்தரமும் சாப்பிட்டுக்கொண்டு நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் அங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால்தான் எங்கள் க்ஷேமம் க்ஷேமமாகும். நான் சொல்லச் சொல்ல சுந்தரம் எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்திப் பள்ளிக்கூடத் தமிழில் எழுதினாலும் எதையும் விடக்கூடாது, எனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்து எதையும் மழுப்பக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நீ இதை அம்மையில் கிடக்கிற நல்லகாமனின் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் முதலில் எழுந்து வெளியே வா. வெளியே வந்து மேற்கொண்டு படி. போன செவ்வாய்க்கிழமை உனக்கு ஒரு தந்தி கொடுத்தோம், கையில் இருக்கும் தழும்பு பொய், உடனே அம்மை குத்திக்கொள் என்று. அது உன் கைக்கு வந்ததா, இங்கிலீஷில் இருப்பதை யாராவது உனக்குப் படித்துச் சொன்னார்களா, எதுவும் தெரியவில்லை, ஐந்து நாளாகப் பதில் இல்லை. தந்தியில் சொன்னதுதான் உண்மை. உன் இடது கையில் தோளுக்குக் கீழே இருக்கிற இரண்டு தழும்பும் அம்மை குத்தி வந்தவை அல்ல. உனக்கு ஒரு தடவைகூட அம்மை குத்தியதில்லை. அந்தத் தழும்பை உண்டாக்கினது நான்.

உன் கடிதம் நீ எழுதிப் பதினோரு நாள் கழித்துப் போன சனிக்கிழமை மத்தியானம் வந்தது. நான் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன், சுந்தரம் வாசித்தாள். உங்கள் மில் லயத்தில் மூன்று பேர் அம்மையில் போய்விட்டதையும், நல்லகாமனுக்கு முகமெல்லாம் முத்து போட்டிருப்பதையும் கேட்டு எனக்குக் கை ஓடவில்லை. அம்மை குத்துகிற கொட்டகையில் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வரிசை, ஆபீஸ்காரர்களுக்கு ஒரு வரிசை, நம் ஆட்களுக்குக் கடைசி வரிசை என்றும், மில் துரையின் சீட்டு இல்லாமல் போனதற்கு முதல் நாள் விரட்டினார்கள், சீட்டோடு போன இரண்டாம் நாள் அம்மைப்பால் தீர்ந்துவிட்டது என்றும் எழுதியிருந்தாய். குத்திய சீட்டு இல்லாதவனைக் கப்பலிலும் ஏற்ற மாட்டார்களாம், ஊருக்கு ஓடி வரவும் வழி இல்லை. மூன்றாம் நாள் டாக்டர் முன்னால் போய் நின்றபோது அவர் உன் சட்டையைத் தூக்கிப் பார்த்து, உனக்குத்தான் முன்னமே குத்தியிருக்கிறதே, இருக்கிற மருந்து இல்லாதவனுக்கு என்று தள்ளிவிட்டாராம். நீயும் சரி என்று உன் இடத்தைப் பின்னால் நின்றவனுக்கு விட்டுவிட்டு வந்தாயாம். யாரும் கிட்டே போகப் பயப்படுகிற நல்லகாமனுக்கு நீதான் கஞ்சி ஊற்றுகிறாய், வேப்பிலையால் வீசுகிறாய் என்று படித்தபோது சுந்தரம், அண்ணன் மனசு யாருக்கு வரும் என்று கண்ணைத் துடைத்தாள். அதற்கு அடுத்த வரியை எப்படி மறப்பேன். ஆத்தா, சின்னதுலயே நீ எனக்குக் குத்தி வச்சது எம்புட்டு நல்லதாப் போச்சு பாத்தியா, எனக்கு ஒண்ணும் வராது, நீ பயப்படாத என்று எழுதியிருந்தாய்.

அதைக் கேட்டும் நான் அன்றைக்கு வாய் திறக்கவில்லை ஐயா. மறுநாளும் திறக்கவில்லை. இருபத்தைந்து வருஷமாகச் சொல்லாததைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்த இரண்டு நாளில் உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதுவும் என் தலையில்தான். திங்கட்கிழமை காலையில் சுந்தரம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக் குடையை எடுக்கும்போதுதான் அவள் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன். அவள் குடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இம்புட்டு நாளா ஏன் ஆத்தா சொல்லல என்று ஒரே கேள்விதான் கேட்டாள். அதற்கு அப்புறம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உனக்கு முன்னால் சோலை என்று ஒரு பிள்ளை இருந்தான், இரண்டு வயசில் போனான் என்று உனக்குத் தெரியும். எப்படிப் போனான் என்று உன் ஐயாவும் நானும் உங்களிடம் சொன்னதில்லை. ஊருக்கு அம்மை குத்துகிறவர் வந்து அவனுக்குக் குத்தினார். கை வீங்கியது, ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது, பன்னிரண்டாம் நாள் போய்விட்டான். அந்த மாதம் ஊரில் வேறு பிள்ளைகளுக்கும் காய்ச்சல் இருந்தது, ஆனால் அதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை, அந்தக் கத்தி முனைதான் தோன்றியது. மாரியாத்தாளாக வந்து விளையாடுகிறவளைக் கத்தியால் கூப்பிட்டோம், கோபித்துக்கொண்டாள் என்று ஊரும் சொன்னது. உனக்கு மூன்று வயசானபோது, தை பிறந்து அம்மை குத்த ஆள் வருகிறது, தழும்பு இல்லாத பிள்ளையைக் கண்டால் விட மாட்டார்கள் என்று தமுக்கு அடித்துப் போனார்கள். வண்ணார் துணிக்குக் குறி போடும் சேங்கொட்டை இருக்கிறதே, அதன் பால் மேலே பட்டால் புண்ணாகும். ஊரில் நாலைந்து பேர் செய்ததைத்தான் நானும் செய்தேன். ஊசியில் அதைத் தொட்டு உன் கையில் இரண்டு இடத்தில் வைத்தேன். கொப்பளித்துப் புண்ணாகி ஆற இருபது நாள் ஆயிற்று. நீ அழுத அழுகைக்கு உன் ஐயா வீட்டை விட்டு வெளியே போய்விட்டார். அம்மை குத்துகிறவர் வந்து பார்த்து, இவனுக்குக் குத்தியாயிற்று என்று எழுதிக்கொண்டு போனார். நீ யாரிடமும் உளறிவிடக் கூடாது என்று, அம்மை குத்தினது, அம்மை குத்தினது என்று உனக்கே சொல்லிச் சொல்லி வளர்த்தேன். சுந்தரம் பிறப்பதற்குள் எனக்கு அந்தப் பயம் போகவில்லை, அவளையும் ஒளித்தேன். காலேஜ் விடுதியில் சேர்ந்தபோது அவளுக்கு அங்கே குத்தினார்கள். எனக்குப் பயந்து அதை அவள் ஒரு வருஷம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை தந்தி ஆபீசுக்குப் போனோம். சுந்தரத்தின் சுபாவம் உனக்குத் தெரியும், பி.ஏ. படித்தும் கடையில் உப்பு கேட்கக்கூட என்னைத்தான் முன்னால் தள்ளுவாள். எழுதிக் கொடுத்த காகிதத்தைச் சன்னலுக்குள் இருந்தவர் இரண்டு தரம் படித்துவிட்டு, கைத்தழும்பு பொய்யா, இது என்னம்மா தந்தி, சண்டைக் காலத்துல மறைமொழியெல்லாம் வாங்க மாட்டோம், யாராவது செத்தாகளா பிறந்தாகளா, அதைச் சொல்லு என்றார். பின்னால் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். இவள் திரும்பி ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். முகம் சிவந்து நின்றாள். பிறகு ரவிக்கைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டி அந்தச் சன்னலுக்குள் நீட்டினாள். சார், இது நெசத் தழும்பு, எங்க அண்ணனுக்கு இருக்கது பொய்த் தழும்பு, இது போய்ச் சேரலைன்னா அடுத்த தந்தி நீங்க கேட்ட மாதிரி சாவுத் தந்தியாத்தான் இருக்கும் என்றாள். அவ்வளவு பேருக்கு நடுவில் அவள் குரலை நான் அன்றுதான் கேட்டேன். அவர் காகிதத்தை வாங்கி முத்திரை குத்தினார்.

தந்தியை மட்டும் காட்டினால் அந்த டாக்டர் நம்புவாரா என்று அப்புறம் கவலை பிடித்துக்கொண்டது. மருந்துக்காக ஆளுக்கு ஒரு கதை சொல்கிற இடத்தில், தழும்பு இருக்கிறவன் தழும்பு பொய் என்றால் யார் கேட்பார்கள். அதனால் வியாழக்கிழமை இவள் லீவு போட்டாள், ரயில் ஏறித் திருப்பரங்குன்றம் போய், அந்தக் காலத்தில் நம் ஊருக்கு அம்மை குத்த வந்த சாம்பசிவம் பிள்ளையைத் தேடிப் பிடித்தோம். வேலை முடிந்து பென்ஷனில் இருக்கிறார். ஊர்ப் பெயரைச் சொன்னதும், அடேயப்பா, என் மேல நாயை அவுத்து விட்ட ஊரா, இன்னும் கெண்டைக்கால்ல அடையாளம் இருக்கு, காட்டவா என்றார். நான் காலில் விழுந்து எல்லாம் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, சேங்கொட்டைத் தழும்பு எனக்குத் தெரியாதாம்மா, அன்னைக்கே தெரியும், ஒரு பிள்ளைய மண்ணுல வச்சிட்டு வந்து நிக்கிறவகிட்ட எதைச் சொல்லிப் பிடுங்குறது, குத்தியாச்சுன்னு எழுதிப்புட்டு எந்திரிச்சேன் என்றார். இத்தனை வருஷமாக அவரை நான் ஏமாற்றியதாக நினைத்திருந்தேன். அன்றைக்கு என் கையைத் தட்டிவிட்டு உனக்குக் குத்தியிருந்தால் என்ன என்று அவர் மேல் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. உன் தழும்பு பொய், உனக்குக் குத்தவில்லை என்று சுந்தரம் இங்கிலீஷில் எழுதியதில் அவர் தன் பழைய உத்தியோகத்தைக் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார், நான் பெருவிரல் வைத்தேன். அதுதான் இதோடு இருக்கிற நீலக் காகிதம்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். அம்மை கண்டவனைத் தொட்டு மூன்று நாலு நாளைக்குள் குத்திக்கொண்டால் தப்பலாமாம், தொட்டவனுக்கு வருவதானால் பன்னிரண்டு நாள் அளவில் காய்ச்சல் காணுமாம். நீ எழுதிய தேதியிலிருந்து நான் விரல் விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணுகிறேன். வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறேன். அம்மை கண்ட வீட்டில் செய்கிற மாதிரி தாளிப்பை நிறுத்திவிட்டேன், கடுகு வெடிக்கிற சத்தம் ஆகாது என்று. இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லையே என்று பக்கத்து வீட்டு ராமக்காள் கேட்டாள். எங்க வீட்டுப் பிள்ளை எங்க இருந்தாலும் அது எங்க வீடுதேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வேப்பிலையை மட்டும் நம்பி நான் உட்கார்ந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை நகரசபை ஆட்கள் நம் தெருவுக்கு வந்தார்கள். இங்கே பெட்டி நிறைய மருந்தை வைத்துக்கொண்டு கூவிக் கூவிக் கூப்பிடுகிறார்கள், ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அங்கே மூன்று நாள் நின்றும் என் பிள்ளைக்கு இல்லை. நான் போய்க் கையை நீட்டினேன். ஏ கிழவி, பயமா இருக்கா என்று அந்த ஆள் கேட்டான். பயம் இதுக்கு இல்லய்யா, நீ குத்து என்றேன். இன்று மூன்றாம் நாள், லேசாகச் சிவந்து அரிக்கிறது. இந்தக் கடிதம் உன்னிடம் வரும்போது எனக்குப் பழுத்துக் காய்ந்திருக்கும்.

மற்றபடி ஊரில் விருமாண்டி மாமன் தன் காளை பொங்கலுக்கு அவனியாபுரத்தில் பிடிபடாமல் ஓடியதை இன்னும் பேசிக்கொண்டு திரிகிறான். நீ வந்தால் உனக்கு ஒரு கன்று தருவதாகச் சொல்கிறான், அவன் பேச்சு உனக்குத் தெரியும். சுந்தரத்துக்குப் பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர்.

இனி நீ செய்ய வேண்டியது. நீலக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் வரிசையில் நில். உன் இடத்தை இந்தத் தடவை யாருக்கும் விடாதே, பெற்றவள் இப்படிச் சொல்லலாமா என்று நினைக்காதே, நான் சொல்கிறேன், விடாதே. டாக்டர் கையைப் பார்த்துத் தள்ளினால் தடவிப் பார்க்கச் சொல். நிஜமாகக் குத்தின தழும்பின் உள்ளே ஊசி முனை அளவில் குழி குழியாக இருக்கும் என்று சாம்பசிவம் பிள்ளை சொன்னார், சுந்தரத்தின் கையைத் தடவிப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. உன்னுடையது கறுத்து வழவழவென்று இருக்கும். சின்ன வயசில் உன்னைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அந்த இடத்தில் மட்டும் என் கை நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும், அதனால் எனக்குப் பார்க்காமலே தெரியும். நல்லகாமனை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, அவனுக்கும் ஒரு ஆத்தா இருக்கிறாள். குத்தியது பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கொப்புளம் கண்டபின் போய்க் கஞ்சி ஊற்று. அதுவரைக்கும் முன்னமே அம்மை கண்டு பிழைத்த ஆள் யாராவது இருந்தால் பார்த்துக்கொள்ளச் சொல். நீ இதைப் படிக்கும்போதே உனக்குக் காய்ச்சல் இருந்தால் எனக்கு நீ எழுத வேண்டாம், வேறு யாரையாவது எழுதச் சொல், ஆனால் மறைக்காதே. இந்தக் குடும்பத்தில் மறைத்தது போதும்.

மீனாட்சி உன் பக்கம் இருக்கட்டும். மாரியாத்தாளிடம், கோபம் இருந்தால் என் மேல் காட்டு, இவன் ஒன்றும் அறியாதவன் என்று சொல்லியிருக்கிறேன். நீ நூறு வயசு இருந்து, உன் பிள்ளைகளுக்கெல்லாம் நேரத்தில் குத்து. மறந்துவிடாதே, இப்போதே உன் கையைத் தடவிப் பார். வழவழவென்று இருந்தால் இந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பு.

இப்படிக்கு,
உன் ஆத்தா பாண்டியம்மாள், பெருவிரல் ரேகை

அண்ணே, ஆத்தா வைத்த முதல் ரேகை கலைந்துவிட்டது. பக்கத்தில் இன்னொன்று வைக்கச் சொன்னேன். டாக்டர் கேட்டால் நீலக் காகிதத்தில் உள்ளதோடு இரண்டாவதை ஒத்துப் பார்க்கச் சொல். இரண்டும் ஆத்தாவுடையதுதான்.
சுந்தரம்