சிமிட்டாத விளக்கு

மே 6, புதன்

மதியம் ஆலங்கட்டி மழை. கடைத் தகரத்தில் யாரோ கல்லை வாரி இறைத்த மாதிரி. மலைக்கு வந்த சீசன் கூட்டம் மொத்தமும் பஜார் ஓரத்தில் ஒண்டி நின்றது. கெமிஸ்ட்ரி மூன்றாம் பாடம் பாதி முடித்தேன். மீதிப் பாதி நாளைக்கு. பொய். நாளை மறுநாள்.

ஜெனியின் அப்பா சேவியர் மாமா வில்பட்டியிலிருந்து எங்கள் அப்பாவின் ரிப்பேர் கடைக்கு வந்தார். சாக்கில் சுற்றி இரண்டு டிரைவர் பெட்டிகள். அவர்களுக்கு இரண்டு பூக்கூடாரம். ராத்திரி சாமந்திக்கு மேலே எல்இடி விளக்கு போடுவார்கள். வெளிச்சம் இருந்தால் செடி பூக்காமல் வளர்ந்துகொண்டே இருக்குமாம், விலை வரும்போது பூக்க விடலாமாம். கரண்டை அந்த விளக்குக்குத் தோதாக மாற்றிக் கொடுப்பது இந்தப் பெட்டி. கூடாரத்துக்கு ஒன்று.

"மூணாந்தடவ ராசண்ணே. பொழுது சாஞ்சா மினுக்கு மினுக்குன்னு மினுக்கிட்டு அமந்துபோகுது. பூராம் மொட்டு வச்சிரும்போல."

"இந்தத் தடவ சிமிட்டாது. எழுதித் தரவா?"

"எழுதிக் குடுத்தா? செடிக்கு வாசிச்சுக் காட்டவா?"

அப்பாவே சிரித்துவிட்டார்.

அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. பெட்டிக்குள் இருக்கும் ஐசி சில்லின் மேல் உள்ள நம்பரைச் சொல்வார், நான் போனில் அதற்கான விவரத் தாளைத் தேடி வாசித்துத் தமிழில் சொல்வேன். எட்டாவதிலிருந்து இப்படித்தான். ஸ்கூலில் யாருக்கும் தெரியாது, ஜெனியைத் தவிர.

இந்த ஐசி எனக்குப் பிடித்தது. சுவிட்ச் போட்டவுடன் பாயாது. முதலில் உள்ளே இருக்கும் இரண்டு சுவிட்சைப் படு வேகமாக மாற்றி மாற்றிப் போடும், ஆனால் சக்தி கொஞ்சம்தான் போகும். பிறகு வேகத்தைக் குறைத்துக் குறைத்து சக்தியைக் கூட்டும். ஏரித் தண்ணீரில் இறங்குகிறவள் கால் விரலை வைத்துப் பார்ப்பது போல. ஐசியின் ஒரு கால் உள்ளே வரும் வோல்டேஜைப் பார்க்கிறது. குறைந்தால் நிறுத்திவிடும். இன்னொரு கால் கரண்டைப் பார்க்கிறது. மிஞ்சிப் போனால் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி முதலிலிருந்து மெல்ல.

"பெட்டி கெடலப்பா. சாயங்காலமானா லாட்ஜுல பூராம் ஹீட்டர் போடுறாங்க, வில்பட்டி லைன்ல வோல்டேஜ் படுத்துருது. அதான் நிக்குது. ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்லுங்க."

"மூணு தடவ தூக்கிட்டு வந்தவர்ட்ட, கெடலைங்க, எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லவா? எந்தக் கால் நிறுத்துது, அத மட்டும் காட்டு."

காட்டினேன்.

ஐசியின் சொந்தச் சப்ளையிலிருந்தே அந்தக் காலுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டார். இனி வெளியே என்ன வந்தாலும், நிறைய வருகிறது என்றுதான் அந்தக் காலுக்குத் தெரியும். வோல்டேஜை ஏற்றி இறக்கிப் பார்க்கும் வேரியாக்கைத் திருகி இறக்கினார். விளக்கு அசையவில்லை. அப்பா முகத்தில் சிரிப்பு. நான் உள்ளே இருந்த அலுமினியத் தகட்டைத் தொட்டேன். விரல் சுட்டுவிட்டது.

அதுவும் தாளில் இருக்கிறது. வோல்டேஜ் குறையக் குறைய ஐசி வேகத்தை இறக்கி ஈடுகட்டப் பார்க்கும். ஓர் எல்லைக்குக் கீழே போனால், மாறி மாறி வேலை செய்யவேண்டிய இரண்டு சுவிட்சும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். சூடு ஏறும். வெடிக்கும். அப்பாவிடம் வாசித்துச் சொன்னேன்.

"சோதனைக்குத்தான்த்தா போட்டேன். கழட்டிருவேன்."

விரல் நுனியில் கொப்புளம். பேனா பிடிக்க வலி.

மே 7, வியாழன்

காலையிலிருந்து பனி, பதினோரு மணிக்கும் விலகவில்லை. தேங்காய் எண்ணெய் உறைந்து கல். கடையில் பெட்டிகள் இல்லை. வெள்ளனே வந்து எடுத்துப் போய்விட்டாராம்.

"கழட்டிட்டீங்களாப்பா?"

"கழட்டிட்டேன்."

"நெசமா?"

என் தலையில் கையை வைத்தார். ஈய வாசம். "உன் மேல சத்தியமா. ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்லியிருக்கேன். போயிப் படி, உனக்கு எதுக்கு இந்தச் சோலி?"

நிம்மதி. ராத்திரி இரண்டு தோசை அதிகம்.

மே 10, ஞாயிறு

நேற்று எழுதவில்லை, நேற்று எழுத ஒன்றும் இல்லை. நேற்று நல்ல நாள்.

நேற்று ராத்திரி வில்பட்டியில் மேல் கூடாரத்துப் பெட்டி எரிந்துவிட்டது. ஜெனியின் அண்ணன் ராபின் அங்கேதான் படுப்பான். பிளாஸ்டிக் கூரை உருகிச் சொட்டும்போது எழுந்து பெட்டியைக் கையால் பிய்த்து எறிந்திருக்கிறான். வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. இதைச் சொல்லும்போது சேவியர் மாமா கடை ஸ்டூலில் உட்காரவே இல்லை.

கரிந்த பெட்டி மேசை மேல். நான் டீ கொண்டுபோனேன். எட்டிப் பார்த்தேன்.

ரெசிஸ்டர் இருக்கிறது. கறுத்துப்போய், ஆனால் இருக்கிறது. கரண்டைப் பார்க்கும் காலிலும் ஈயம் வைத்து, அது எதையும் பார்க்க முடியாமல் பண்ணியிருக்கிறது. அந்தக் காலை நான் காட்டவில்லை. எது எதைப் பார்க்கிறது என்று வாசித்ததோடு சரி. கேட்டு மனதில் வைத்திருக்கிறார். ஃபியூஸ் இருந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பி.

சேவியர் மாமா: "என்னாச்சு ராசண்ணே? நல்லாத்தான எரிஞ்சுச்சு. சிமிட்டல்கூட இல்ல."

அப்பா: "தண்ணி சொட்டியிருக்கும். கூடாரத்துல ஈரம் இல்லாம இருக்குமா? தம்பி ஈரக் கையோட தொட்டானோ என்னமோ."

"அவன் தூங்கிக்கிட்டுக் கெடந்தாண்ணே."

"அப்ப கூரையிலருந்துதான்."

"கீழ்க் கூடாரத்துப் பெட்டிய என்ன செய்ய? போடவா, வேணாமா?"

அப்பா என்னைப் பார்த்தார். டீத்தட்டோடு நின்ற என்னை. பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது நல்லாருக்கு. தாராளமாப் போடுங்க."

தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன். மாமா குரல் கீழேயிருந்து, "தேனு, ஜெனி உன்னைய கேட்டா ஆத்தா."

பிறகு அப்பாவிடம் கேட்டேன். கத்தவில்லை, கேட்டேன். என் தலையில் கை வைத்தீர்களே என்று. ஈயம் பற்றவைக்கும் இரும்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சிமிட்டாதுன்னு வாக்குக் குடுத்துட்டேன்ல. வெளிய தெரிஞ்சா கேஸாயிரும், கடை போயிரும். பஜார்ல தலை காட்ட முடியாது." பிறகு மெதுவாக: "கால காட்டுனது யாரு? நீதான? கேட்டா உன்னையுந்தான் கேப்பாக."

அழுதேன். அவரும் சாப்பிடவில்லை. நாளைக்கே போய் இன்னொன்றைச் சரிபண்ணிவிடுவேன் என்றார். என் போனை வாங்கி வைத்துக்கொண்டார், கடைக்கு வேண்டுமாம்.

அம்மா: "உங்கப்பா வேணும்னா செஞ்சாரு? வாய மூடிட்டுப் படு."

போலீஸ் சின்னப் பிள்ளைகளைக் கேட்பார்களா? எனக்குப் பதினாறு.

மே 11, திங்கள்

வெயில். மலையே கழுவின மாதிரி. எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. வயிற்று வலி என்று ஸ்பெஷல் கிளாஸ் போகவில்லை. ஜெனி முகத்தைப் பார்க்க முடியாது.

காலையில் அப்பா பைக்கில் வில்பட்டி போனார். கருவிப் பையோடுதான் போனார், மாடியிலிருந்து பார்த்தேன். மதியம் வந்தார். பை நிறைய கேரட். மண்ணோடு. சேவியர் மாமா வீட்டில் கொடுத்தார்களாம்.

"கழட்டிட்டீங்களா?"

"ம்."

"ஃபியூஸ்?"

"எல்லாந்தான்."

தலையில் கை வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கழட்டியிருக்கலாம். பை கொண்டுபோனாரே. கழட்டியிருந்தால் அது மறுபடி சிமிட்டும், மாமா மறுபடி தூக்கிக்கொண்டு வருவார். அது அப்பாவுக்கும் தெரியும். அந்த இடத்தில்தான் என் யோசனை நின்றுவிடுகிறது. ஆறவிட்டு மறுபடி முதலிலிருந்து யோசிக்கிறேன். அதே இடத்தில் நிற்கிறது.

நான்காவது படிக்கும்போது காது குத்தின இடத்தில் சீழ் வைத்தது. பனியில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். இது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது?

படியில் சத்தம். விளக்கை அணைக்கிறேன்.

பூனை.

மே 12, செவ்வாய்

கிளாஸ் போனேன். ஜெனி வந்திருந்தாள். கண் கீழே கறுப்பு. அவளிடம் புகை வாசம் இன்னும் இருக்கிறது. முடியில்.

"ராபின் எப்படி?"

"முனகிக்கிட்டுக் கெடக்கான். கீழ்க் கூடாரத்துல நாந்தான் இப்ப படுக்கேன். ராத்திரி நடுவுல விளக்க நிறுத்தணும்ல."

"எங்க படுக்குற?"

"கட்டில் எங்க இருக்கு? பெட்டிக்கு அடியிலதான்."

எங்கள் அப்பா நேற்று பெட்டியைத் திறந்தாரா என்று கேட்டேன். தெரியாது என்றாள். அவள் கிளாஸில், அவள் அப்பா சந்தையில், ராபின் மாத்திரை போட்டுத் தூக்கத்தில். அவள் அம்மாவிடம்தான் பேசிக்கொண்டிருந்தாராம்.

"உங்கப்பா எங்கம்மாட்ட சொன்னாராம், தேனு ரெம்பப் பயந்துபோயிருக்கா, ராத்திரியெல்லாம் என்னென்னமோ பெனாத்துறா, எதுவும் சொன்னா மனசுல வச்சுக்காதீங்கன்னு. நீ ஏன் பயப்படுற? வெந்தது எங்கண்ணன் கைதான?"

முந்திக்கொண்டுவிட்டார். நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே என் வாயை மூடிவிட்டு, அவர்கள் வீட்டுக் கேரட்டையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

லேப் பின்னால் கூட்டிப்போய் எல்லாம் சொன்னேன். ரெசிஸ்டர், இரண்டு கால், கம்பி. ஜெனி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஞாயித்துக்கிழமையே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"டீ குடுத்தியாம்ல எங்கப்பாவுக்கு. நல்ல டீன்னாரு."

அடித்திருந்தால் தேவலை.

"என்னைய நம்பாத. எங்கப்பாவையும் நம்பாத. இன்னைக்கு ராத்திரி வீட்டுக் குண்டு பல்பு மங்கும்போது கூடார வாசல்ல நின்னு, சுவிட்சுல கை வச்சுக்கிட்டு விளக்கப் பாரு. சிமிட்டி அணைஞ்சா கழட்டிட்டாருன்னு அர்த்தம். சிமிட்டாம எரிஞ்சா உடனே நிறுத்திரு. உள்ள போகாத."

"நிறுத்திட்டு?"

"எங்கம்மா போனுக்கு ஒரு மிஸ்டு கால் குடு. சிமிட்டுச்சுன்னா குடுக்காத."

சரி என்று சொல்லவில்லை. வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பஸ் ஏறும்போது மட்டும் திரும்பி, "வாசல்லதான நிக்கணும்?" என்றாள்.

இப்போது ராத்திரி. இன்னும் யாரும் படுக்கவில்லை. படிக்கிறேன் என்று உள்ளறையில். அம்மாவின் போன் அடுப்படியில் ஃபிரிட்ஜ் மேலே. அம்மா கேரட்டைத் துருவுகிறாள். அல்வாவாம். அப்பா கடை ஷட்டரை இறக்கிவிட்டு மேலே வந்துவிட்டார், கை கழுவுகிறார்.

"வெரசா போடு, பசிக்குது."

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் பசிக்கிறது என்கிறார்.

எதிர் லாட்ஜில் எல்லா ஜன்னலிலும் வெளிச்சம். ஏதோ குழந்தை வெந்நீர் வெந்நீர் என்று கத்துகிறது.

இப்போது மங்குகிறது. என் தலைக்கு மேலே பல்பு மஞ்சளாகிவிட்டது. ஃபிரிட்ஜ் முனகுகிறது. இங்கேயே இப்படி என்றால் வில்பட்டியில் இன்னும் மோசம்.

சிமிட்டிவிடு. ஒரே ஒரு தடவை. கழட்டியிருக்கட்டும். மெய்யாகவே கழட்டியிருக்கட்டும், நான்தான் கெட்டவளாக இருக்கட்டும். நாளைக்கே அப்பா காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்பேன். அல்வா சாப்பிடுவேன்.

இன்னும் மஞ்சள்தான். போன் சும்மா இருக்கிறது. நல்லது. சும்மா இருக்கிறது. அப்பா சாப்பிடுகிற சத்தம். அம்மா ஏதோ சொல்ல அவர் சிரிக்கிறார்.

இவ்வளவு நேரம் ஆகிவிட்டதே, அப்படியென்றால் கழட்டி

அடித்தது. ஒரே மணி. நின்றுவிட்டது.

"யாரு அது?"

"ஜெனிப் புள்ளதாங்க. ஒத்த மணியோட வச்சிருச்சு."

சாப்பிடுகிற சத்தம் இல்லை. சிமிட்டவில்லை, ஜெனி நிறுத்திவிட்டாள். வாசலில்தான் நிற்கிறாள், உள்ளே போகமாட்டாள். சொல்லியிருக்கிறேன்.

தட்டு நகர்கிறது. வருகிறார்.

தேனு என்கிறார். கோபமே இல்லாத குரல்