படிக்காமல் போட்ட ஒரு மார்க்

என் ஆசை அண்ணி,

எங்கே இருந்தாலும் ஒரு காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்புங்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து உங்கள் சரசு பேசுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. நீங்கள் போன இந்த இரண்டு மாதத்தில் அண்ணன் சமைக்கப் பழகிவிட்டார். மிளகாய்ச் சம்பாலில் நாற்றமடிக்கும் இறால் பெலாச்சானை அள்ளிப் போடுகிறார், நம் காப்பார் ஊரில் பாதி பேர் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். கவிதா அதையும் சாப்பிட்டுவிட்டு, "நல்லாதான் இருக்குப்பா" என்கிறாள். யார் மனமும் நோகாமல் பொய் சொல்ல அவள் உங்களிடம்தான் கற்றிருக்க வேண்டும். உங்கள் மோட்டார் சைக்கிளை யாருக்கும் கொடுக்கவில்லை. ஞாயிறு காலையில் அண்ணன் அதை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறார், கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிடுகிறார்.

சுற்றி வளைக்கிறேன் என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அண்ணி. கண்ணாடியில் தலை சீவும்போதுகூட என் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அந்தப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? என்ன கேள்வி இது! உங்களுக்கு இல்லாத ஞாபகமா?

இன்டர்நெட்டில் சொந்தமாகப் பக்கம் வைத்துக்கொண்டு, டைரி எழுதுவதுபோல் அதில் எழுதிப் போடுகிற தமிழர்கள் பன்னிரண்டு பேர். வாரத்துக்கு ஒரு தலைப்பு. மூன்று நடுவர்கள் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும், குறைந்த மார்க் வாங்கியவர் அந்த வாரத்தோடு வெளியே. கடைசியில் மிஞ்சுகிறவருக்குப் பரிசு. நடத்தியவர் ஷா ஆலாமில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மோகன். எழுதியவர் பெயர் நடுவர்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். ஞாயிறு பத்திரிகையில் என் கதைகள் நாலைந்து வந்திருந்ததால் என்னையும் நடுவராகக் கூப்பிட்டார்கள். அதோடு என் கால் தரையில் நிற்கவில்லை.

பெருமையடித்துக்கொள்ள நேராக உங்கள் அடுப்படிக்குத்தான் வந்தேன். நீங்கள் கெம்போங் மீன் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

"ஜட்ஜுங்க எல்லாத்தையும் முழுசா படிப்பாங்களா சரசு?" என்று கேட்டீர்கள்.

"நாலு வரி போதும் அண்ணி. அதுலயே தெரிஞ்சிரும்லா, யாருக்கு எழுத வரும், யாருக்கு வராதுன்னு" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். கூடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. தெலுக் பங்லிமா காராங்கில் நீங்கள் வேலை பார்த்த ஃபேக்டரியில் கழித்துக்கட்டிய சாமான்களோடு விலைக்கு வந்தது. கவிதாவின் படிப்புக்கு என்றீர்கள். நானும் நம்பினேன். ஃபேக்டரி பஸ்ஸில் போய்வந்து, சமைத்து, துணி துவைக்கிற பெண்ணுக்கு இதில் என்ன வேலை என்று நினைத்திருப்பேன். நானும் ஒரு பெண்தான், நானும் வேலைக்குப் போகிறவள்தான். இருந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவது வாரத் தலைப்பு 'முதல் நாள்'. நான் குமாஸ்தாவாக இருக்கும் வக்கீல் ஆபீஸில் மத்தியான நேரம் மட்டும் கம்ப்யூட்டரில் உட்கார விடுவார்கள். ஒரு கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், ஒரு கையில் மௌஸ். ஐந்து மணிக்குள் மார்க் அனுப்ப வேண்டும். ஏழாம் எண்ணைத் திறந்தேன். தமிழே இல்லை. கட்டம் கட்டமாக, கோணல் கோணலாக, தலையில் குடை பிடித்த இங்கிலீஷ் எழுத்தாக ஓடியது. ஆளுக்கொரு ஃபாண்டில் தமிழ் அடிக்கிற காலமாயிற்றே இது! அவர் வைத்திருக்கும் ஃபாண்ட் நம்மிடம் இல்லையென்றால் இப்படித்தான் வரும். அதற்காகவே மோகன் எல்லா ஃபாண்டையும் ஒரு டிஸ்கில் போட்டு முன்னமே அனுப்பியிருந்தார். திறக்காவிட்டால் போன் செய்யச் சொல்லியும் இருந்தார்.

நான் செய்யவில்லை. அதற்கு முந்தைய வாரம் இரண்டு தடவை போன் செய்திருந்தேன். "அக்கா, ரைட் கிளிக் பண்ணுங்க... ரைட் அக்கா, அது லெஃப்ட்" என்று மோகன் சொன்னபோது பக்கத்தில் யாரோ சிரித்தது கேட்டது. மூன்றாவது தடவையும் கேட்டு அசடு வழிய எனக்கு மனம் வரவில்லை. எப்படியும் ஒருவர் வெளியே போகத்தானே வேண்டும்?

ஏழாம் எண்ணுக்கு ஒரு மார்க் போட்டேன். பூஜ்யம் போட்டால் அநியாயம் என்று ஒன்று! பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும். எழுதினேன்: "சொல்ல வந்தது என்னவென்று எழுதியவருக்கே தெரியவில்லை. தெளிவாக யோசிக்கப் பழகிவிட்டு எழுத வரலாம்."

கை கூசவில்லை அண்ணி. பொட்டலத்தை மடித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

சாயங்காலம் மோகனே கூப்பிட்டார். "அக்கா, ஏழாம் நம்பருக்கு சிங்கப்பூர் ஜட்ஜ் ஒன்பது போட்டிருக்காரு. நீங்க ஒண்ணு போட்டிருக்கீங்க. சரிதானா? ஃபாண்ட் ஏதும் பிரச்சினையா?"

உண்மையை எடுத்துக் கையில் கொடுத்தார், அண்ணி. வாங்கிக்கொள்வதற்கு என்ன? "என் மார்க் என் மார்க்தான் தம்பி. படிக்காமலா போடுவேன்?" என்று குரலை உயர்த்தினேன். அவர் 'சாரிக்கா' என்றார். மறுநாள் என் கருத்து, என் முழுப் பெயரோடு போட்டிப் பக்கத்தில் வந்தது. ஏழாம் எண் வெளியே.

அடுத்த ஞாயிறு காப்பார் வந்தேன். அன்றைக்கு நீங்கள் அதிகம் பேசவில்லை. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். சோறு போட்டபடியே கேட்டீர்கள்:

"அந்த ஏழாம் நம்பர் ரொம்ப மோசமாவா எழுதியிருந்துச்சு, சரசு?"

"ஐயோ, அத ஏன் கேக்கறீங்க! அதெல்லாம் எழுத்தே இல்ல அண்ணி. படிச்சு முடிக்கறதுக்குள்ள தலைவலி வந்துருச்சி."

"ம்... பாவம், யாரோ" என்றீர்கள். பிறகு இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தீர்கள்.

அந்த மீனைச் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். உங்களுக்கு எப்படி முடிந்தது அண்ணி? ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? 'நீ என்ன பெரிய இவளா' என்று கரண்டியால் ஒன்று வைத்திருக்கக் கூடாதா?

அடுத்த மாதம், ஃபேக்டரி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கருமாதி முடிந்து எல்லாரும் போனபின் கவிதா கம்ப்யூட்டர்மேல் மூடியிருந்த துணியை எடுத்தாள். "அத்தை, அம்மா எழுதினது இருக்கு. பார்க்கறீங்களா?"

அப்போதுதான் உங்களுக்கும் ஒரு பக்கம் இருந்தது தெரிந்தது. 'காப்பார்க்காரி' என்று பெயர். ஃபேக்டரி பஸ்ஸில் தூங்கி வழிகிறவர்களைப் பற்றி, மீன் பாசாரில் பேரம் பேசும் சீனக் கிழவியைப் பற்றி, தைப்பூசத்தில் பத்துமலைப் படியில் தொலைந்த ஒற்றைச் செருப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்துச் சிரித்தேன். நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது, அதற்காகக் கொஞ்சம் எரிச்சலும் பட்டேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

பிறகு கவிதா 'போட்டி மூன்று' என்ற கோப்பைத் திறந்தாள். 'முதல் நாள்' என்று தலைப்பு. மேலே 'எண் 7'. உங்கள் கம்ப்யூட்டரில் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் திறந்தது.

உங்கள் கல்யாண நாள். அண்ணன் இரண்டு முடிச்சுப் போட்டதும் மூன்றாவது முடிச்சு நாத்தனாருக்கு. பின்னால் நின்ற பதினாறு வயசுப் பெண்ணுக்கு முடிச்சு விழாமல் நழுவியதாம். உங்களுக்கோ ஒரே பயமாம், அந்தக் கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லையாம். முடிச்சைப் போட்டுக்கொண்டே அவள் உங்கள் காதருகில், "பயப்படாதீங்க அண்ணி, நான் இருக்கேன்" என்றாளாம். மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லையாம். "இந்த வீட்டில் என் முதல் நாள் அந்த நிமிஷம்தான் தொடங்கியது" என்று முடித்திருந்தீர்கள்.

நான் அப்படிச் சொன்னேனா? எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை, அண்ணி. பதினெட்டு வருஷம் நீங்கள் அதை வைத்திருந்தீர்கள். நான் நடுவர் என்று தெரிந்துதான் எழுதினீர்களா? பெயர் இல்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்தீர்களா? 'அது எழுத்தே இல்லை' என்று உங்கள் வீட்டுச் சோற்றில் கை வைத்தபடி சொன்னேனே, அப்போது என்ன நினைத்தீர்கள்?

கவிதா என் முகத்தைப் பார்த்தாள். "இது நல்லாதானே இருக்கு அத்தை. அம்மா ஏன் தோத்தாங்க?"

தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

போன வாரம் மோகனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷ வேலைக்கா" என்றார். பிறகு, பரவாயில்லை, அந்தக் கருத்தை அழித்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்றார். நல்ல பிள்ளை. ஒரு கணம் 'சரி' என்ற சொல் என் வாய் வரை வந்துவிட்டது. இன்னும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது என் பெயரோடு அப்படியே இருக்கும். அதன் கீழே உங்கள் 'முதல் நாள்' வரும், அதற்கும் கீழே இந்தக் கடிதம். கடிதத்தை உங்கள் ஃபாண்டிலேயே அடித்திருக்கிறேன், டிஸ்கிலிருந்து நானே தட்டுத் தடுமாறி ஏற்றிக்கொண்டேன். சிலருக்குக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அவர்கள் மோகனைக் கேட்கட்டும். கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் இது அங்கே போவதற்கு முன் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. இந்த ஞாயிறு காப்பார் வருகிறேன். அண்ணனின் சம்பாலுக்கு முன்னால், சோற்றில் கை வைப்பதற்கு முன்னால், கவிதாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுவேன். "அம்மா தோக்கலடா. அத்தை படிக்கல." இது சத்தியம், அண்ணி. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் திருப்பிக்கொள்ளட்டும். உங்களைப்போல் 'பரவால்ல அத்தை' என்று என் தட்டில் ஒரு துண்டு மீனை வைத்துவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.

மூன்றாவது முடிச்சைப் போட்டதை மறந்துபோன
உங்கள் நாத்தனார்,
சரசு