நான்காவது ஸ்விட்ச்

இன்று காலை வயரிங் மாற்ற வந்தவர் எங்கள் சமையலறை ஸ்விட்ச் போர்டில் நான்காவதாக இருந்த ஸ்விட்சின் மேல் விரலை வைத்தார். "அதைத் தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மனிதர் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தார். அந்த ஸ்விட்சின் மேல் என் கையால் நான் ஒட்டிய கறுப்பு டேப் இத்தனை வருஷத்தில் இளகிப் பிசுபிசுத்துப் போயிருந்தது. அவர் விரலில் ஒட்டி அது உரிந்ததும் ஒரு வாசனை வந்தது. மந்தைவெளியில் நீ மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்த கடையின் வாசனை. "முதலில் மெயினை அணையுங்கள், காப்பி குடித்துவிட்டுப் பிறகு பிரிக்கலாம்" என்று அவரை அனுப்பிவிட்டு உன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மயிலாப்பூரில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாம். ஆறாம் வகுப்பில் இடி இடித்தால் நான் பிடித்துக்கொள்வது உன் சட்டையைத்தான். பிற்பாடு காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன் என்று சொன்னதும், "பயந்தாங்கொள்ளிக்குன்னே வெச்ச ஆபீசு" என்று நீ சிரித்தாய். சரியாகத்தான் சொன்னாய். நெருப்பு, வெள்ளம், திருட்டு என்று நாள் முழுக்க எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து அதையே நினைத்துக்கொண்டு படுப்பவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு முதுகில் டிஸ்க் விலகியது. கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். கோபாலபுரம் வீட்டுக் கார் ஷெட்டின் ஷட்டரைத் தூக்குவதும் இறக்குவதும் என் மனைவியின் தலையில் விழுந்தது. அதற்கு மோட்டார் வைத்துத் தருகிறேன் என்று நீதான் முன்வந்தாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் வந்து பார்த்தாய். எனக்கு அவசரம், உனக்குக் கொஞ்சமும் இல்லை.

"மேல தொங்கவுடற மோட்டாரு வோணாம்டா. உன் உத்தரம் செல்லரிச்சிக் கீது. என்னிக்காச்சும் ஒரு நாளு மோட்டாரும் உத்தரமும் சேந்து உன் மண்டையில எறங்கும். செவுத்துல மாட்டிக்கலாம்" என்றாய். வலது பக்கம் மீட்டர் பெட்டி இருந்தது. இடது சுவருக்கும் ஷட்டர் உருளைக்கும் நடுவே இருந்த இடத்தை முதலில் சாணால் அளந்தாய், பிறகு டேப்பால் அளந்தாய். விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாய். ஒரு இடத்தில் பூச்சு பொக்கென்று சத்தம் கொடுத்தது. போல்ட்டை அதற்கு ஒரு சாண் மேலே, நல்ல செங்கலில் போட வேண்டும் என்று சாக்பீஸால் வட்டம் போட்டாய். கரண்ட் போனால் கையால் இழுத்து ஏற்ற ஒரு சங்கிலி. மழையில் ஷாக் அடிக்காமல் இருக்கத் தனி எர்த். நான் சொன்ன ஒவ்வொரு பயத்துக்கும் உன்னிடம் ஒரு பதில் இருந்தது.

ஒன்றே ஒன்றை மட்டும் நீ ஏற்கவில்லை. பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால்தான் ஷட்டர் இறங்கும் என்றாய். பொழுது சாய்ந்தபின் ஷெட்டில் தனியாக அரை நிமிஷம் நிற்க எனக்குப் பயம். திருடன் உள்ளே புகுந்துவிட்டால்? சமையலறையிலும் ஒரு பட்டன் வேண்டும் என்று கேட்டேன்.

"ஆவாது. கை வெச்சா ஓடணும், கை எடுத்தா நிக்கணும். பட்டன் அமுத்தறவன் கண்ணுக்கு வாசப்படி தெரியணும். இன்னாடா பேஜாரு உன்னோட? திருடன் வந்தா அந்த ஓட்ட ஃபியட்டுதானே போவும்? போவட்டும் வுடு."

சமையலறையில் இருந்த என் மனைவி சிரித்தது கேட்டது. அவள் உன்னை அண்ணா என்பாள், நீ அவளைத் தங்கச்சி என்பாய். எங்கள் வீட்டில் கூப்பிடாமல் சமையலறைக்குள் போய்க் காப்பி கேட்கும் ஒரே ஆள் நீதான்.

நீ மோட்டாரை மாட்டிவிட்டுப் போன இரண்டாம் வாரம், உனக்குத் தெரியாமல் வேறொருவரைக் கூப்பிட்டு வயர் இழுத்து, சமையலறை போர்டில் நான்காவதாக ஒரு ஸ்விட்ச் வைத்துக்கொண்டேன். சாதாரண லைட் ஸ்விட்ச். தட்டிவிட்டால் போதும், ஷட்டர் தானே கீழே இறங்கிவிடும். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சாயங்காலம் ஷட்டர் இறக்குவது என் வேலை என்பதால் அவளும் கேட்கவில்லை. உன் பேச்சை மீறிவிட்டோமே என்று உறுத்தியதைவிட, திருடனிடமிருந்து தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

அந்த ஐப்பசி வெள்ளிக்கிழமைக் காலையை உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதே இல்லை. பால் வாங்க ஷட்டரைத் திறந்த என் மனைவி அதை அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். சாரல் காரின் மேல் அடித்தது. வெளியே போய் நனைவானேன் என்று நான்காவது ஸ்விட்சைத் தட்டினேன். ஷட்டர் பாதி இறங்கும்போது கரண்ட் போய்விட்டது. ஸ்விட்சை அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு கூடத்தில் போய் உட்கார்ந்தேன்.

கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. தெருப் பிள்ளைகள் "ஏ..." என்று கத்தினார்கள். ஃபேன் சுற்றியது, ரேடியோ பாதியிலிருந்து பாடியது. அதோடு சேர்ந்து ஷெட்டிலிருந்து ஷட்டர் இறங்கும் சத்தமும் கேட்டது. பிறகு அவள் அலறல்.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. வாசலில் மழை. அங்கே போட்டால் கோலம் கரைந்துவிடும் என்று அவள் ஷட்டருக்கு நேர் கீழே நிலைப்படியில் கோலம் போட உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து ஓட வேண்டும், பேப்பரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று நான்கு விநாடிகளில் அவளைப் பிணமாகவே பார்த்துவிட்டேன். பிறகு ஓடினேன். எங்கே ஓடினேன் தெரியுமா? அவளிடம் இல்லை. சமையலறைக்கு ஓடி முதலில் அந்த ஸ்விட்சை அணைத்தேன். யாரும் பார்ப்பதற்கு முன் அணைத்தேன்.

அவள் முன்பக்கம் உருண்டு தப்பித்திருந்தாள். ஷட்டருக்கு வெளியே, மழையில், முழங்கை வரை கோலமாவோடு உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பு ஷட்டரின் அடியில் சிக்கியிருந்தது. கோலமாவு டப்பா நசுங்கித் தட்டையாகிவிட்டது. சங்கிலியை இழுத்து ஷட்டரைத் தூக்கிப் புடவையை விடுவித்தேன்.

போன் செய்த அரை மணியில் நீ வந்தாய். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு மோட்டார் பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தாய். அங்கிருந்து புறப்படும் வயர்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் தொடர்ந்தாய். "கொஞ்சம் தண்ணி குட்சிட்டு வரேன்" என்று சமையலறைக்குள் போனாய். நான் கூடத்தில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ என்ன சொல்லப்போகிறாயோ என்று உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்க நீ எடுத்துக்கொண்ட நேரம் அதிகம்.

வெளியே வந்து அவள் முன்னால் நின்றாய். "என் தப்புதான் தங்கச்சி. மோட்டார நிறுத்தற ரிலே ஒண்ணு உள்ள ஒட்டிக்கினு கீது. நான் பாத்துருக்கணும்."

"உங்களை நம்பித்தானே விட்டேன்? நான் செத்துப்போயிருந்தா? இனிமே எங்காத்துல எதையும் தொடாதேங்கோ. போங்கோ" என்றாள் அவள். அண்ணா என்ற சொல் அதில் இல்லை.

நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். உண்மையிலேயே ரிலேதான் காரணம் போலிருக்கிறது, தப்பித்தோம் என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் இன்று சொல்லிவிடுகிறேன். நீ போனதும் நசுங்கிய அந்த டப்பாவைப் பார்த்தேன், எனக்கு அந்த நிம்மதியும் போய்விட்டது. ஸ்விட்சின் மேல் டேப்பை ஒட்டினேன். யாரையாவது கூப்பிட்டு அதை எடுத்தால் விஷயம் வெளியே வந்துவிடும், எடுக்காவிட்டால் யாராவது தட்டிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். வீட்டுக்கு வரும் குழந்தைகளைச் சமையலறைக்குள் விட்டதில்லை. கரண்ட் வந்தால் ஊரே சந்தோஷப்படும், நான் மட்டும் ஷெட்டுக்கு ஓடுவேன்.

அதன்பிறகு நீ வீட்டுக்குள் வரவில்லை. வந்தாலும் மொபெட்டிலிருந்து இறங்காமல் கேட்டருகே நின்று பேசிவிட்டுப் போவாய். நீ இறந்தபின் உன் காரியத்துக்கு மந்தைவெளிக்கு நான் மட்டும் வந்தேன். அவள் வரவில்லை, வா என்று நானும் கூப்பிடவில்லை.

காப்பி குடித்துவிட்டு வந்த வயரிங்காரர் போர்டைப் பிரித்தார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். "இதுக்கா சார் பயந்தீங்க? இந்த ஸ்விட்ச்சுக்கு லைனே இல்லையே. யாரோ எப்பவோ வெட்டி, ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியா டேப் சுத்தி, உள்ள மடிச்சு வெச்சிருக்காங்க. சுத்தமான வேலை சார்."

எட்டிப் பார்த்தேன். மூன்று சுற்று, கடைசியில் ஒரு சின்ன மடிப்பு. உன் கடையில் நான் பார்த்துப் பழகிய உன் கை. ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் நீ எல்லாவற்றையும் கண்டுபிடித்திருக்கிறாய். என்னைக் காட்டிக்கொடுக்காமல் வெளியே வந்து ஏச்சு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாய். அதையும் என்னிடம் சொல்லவில்லை. நானாகச் சொல்வேன் என்று கேட்டருகே நின்று காத்திருந்தாயா?

எனக்கு ஸ்விட்ச் பயம் விட்டுப்போனது. இன்னொரு பயம் மிச்சம் இருந்தது. அதையும் இன்றே முடித்துவிடலாம் என்று மனைவியை அங்கேயே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சுவரில் திறந்து கிடந்த போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு அவரைப் போங்கோன்னு சொன்னேனே" என்றாள்.

கூடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த, இது எதுவும் தெரியாத வயரிங்காரர், "சார், வயர் நல்லாத்தான் இருக்கு. டேப்பைப் பிரிச்சு இதுக்கும் லைன் குடுத்துடட்டுமா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன் அவள் எழுந்து போய்ப் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"வேண்டாம். அது எங்கண்ணா கட்டினது. அப்படியே இருக்கட்டும்."