ஸ்கீனாவுக்குப் போகும் காரில் முன் சீட்டு

ரெட்டியார்பாளையம்,
புதுச்சேரி.

அன்பு மகள் சிந்தியாவுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்றுதான் இதை எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நான், உன் அம்மா, படுக்கையில் தாத்தா மூவரும் சுகம், நீயும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசலாமே என்பாய், பாதிப் பேச்சில் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், வாட்ஸ்அப்பில் எழுதினால் அடுத்த நிமிஷம் பாரிஸில் இருக்கிற உன் சித்தப்பனுக்குப் போய்விடும், அதனால்தான் தபால்.

நீ அனுப்பிய தூண்டிலை மொட்டைமாடியில் வீசிப் பழகுகிறேன். புழு கிடையாது, ஈ மாதிரி இறகு கட்டிய கொக்கி, கயிற்றின் கனத்திலேயே அது பறந்து போய் விழ வேண்டும் என்று நீ சொன்னது இப்போதுதான் கைக்குப் பிடிபடுகிறது. எதிர்வீட்டுக் கலியபெருமாள், என்ன சார், வத்தலுக்குக் காக்கா ஓட்டுறீங்களா என்று கேட்டார். சால்மன் மாதிரியே கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி வருகிற மீன் ஸ்டீல்ஹெட், அது சிக்கினால் ஆற்றிலேயே திரும்ப விட்டுவிட வேண்டுமாம், அங்கே சட்டம் அப்படி என்றேன், குழம்புக்கு ஆகாத மீனுக்கா பாஸ்போர்ட் எடுத்தீங்க என்று உன் அம்மா சிரித்தாள். சிரிக்கட்டும். வான்கூவரில் கிளம்பி பிரின்ஸ் ஜார்ஜ், ஸ்மிதர்ஸ், அப்புறம் ஸ்கீனா ஆறு என்று நம் மீன்பிடிப் பயணத்துக்கு நீ போட்ட வழியை மேப் பார்க்காமலே சொல்வேன். எனக்கென்று ஒருவர் உட்கார்ந்து யோசித்துப் போட்ட ஒரே திட்டம் அது.

அந்தக் காரில் உன் சித்தப்பன் லூர்துபிரகாஷும் வருகிறான் என்பதை மட்டும் நீ சொல்லவில்லை. அவனே உன் அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறான், அண்ணி, முன் சீட்டு அண்ணனுக்கு, நான் பின்னால உக்காந்துக்கிறேன்னு சொல்லுங்க என்று. பெரிய மனசு. சின்ன வயதில் அப்பா ஸ்கூட்டரில் முன்னால் நிற்கிற இடம் எப்போதும் அவனுக்குத்தான், அம்மாவுக்குப் பின்னால் ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டு வருவேன் நான். அதைக்கூட விட்டுவிடலாம். உன் ஆயா இறந்தபோது ஏர்போர்ட்ல இருக்கேன், வந்துட்டே இருக்கேன் என்று சொல்லிச் சொல்லியே என் அம்மாவை ஃப்ரீசர் பெட்டியில் காக்க வைத்தானே, பங்குச் சாமியார் என் தோளைத் தொட்டு, இனிமேல் தாங்காது, எடுத்துடலாம் என்று சொல்கிறவரை நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேனே, கடைசிவரை அவன் வரவே இல்லையே, அதை எந்த ஆற்றில் கொண்டுபோய் விடுவது. சால்மன் எத்தனை தூரம் போனாலும் பிறந்த ஆற்றுக்கே திரும்பிவிடும் என்று நீ ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தாய், படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இன்றைக்கும் தாத்தாவுக்கு முதுகு துடைத்துவிடுகிறவன் நான், அவர் கேட்பதோ லூர்து போன் பண்ணானா என்று.

வராமலிருக்கக் காரணம் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றையும் நீயும் அம்மாவும் முன்கூட்டியே அடைத்துவிட்டீர்கள். தாத்தாவை யார் பார்ப்பது என்றால், நீங்க போயிட்டு வாங்க, உங்க அப்பா என்ன எழுந்து ஓடியா போயிடப் போறாரு என்கிறாள், துணைக்குத் தவளக்குப்பத்திலிருந்து அவள் தங்கை வருகிறாளாம். முழங்கால் வலி என்றேன், ஆற்றில் ஊன்றி நடக்கக் கம்பு வாங்கிவிட்டாய். விசாவும் வந்துவிட்டது. வந்தால் பகலெல்லாம் அவனோடு ஒரே காரில், ராத்திரி ஒரே அறையில். வராவிட்டால் நான் இந்த வீட்டுக்குள் இருப்பேன், அவன் முன் சீட்டில் இருப்பான்.

அதனால் நான் வரவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிடு. ஆற்றில் இறங்கும்போது ரப்பர் கால்சட்டையின் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டு, பாசி பிடித்த கல்லில் கால் வைக்காதே, பொழுது சாய்ந்தபின் காட்டு ரோட்டில் வண்டி ஓட்டாதே, மான் குறுக்கே வரும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே. ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருந்து காப்பாற்றட்டும்.

இதற்குக் கீழே இப்படிக்கு என்று எழுதினேன், பிறகு அதை அடித்துவிட்டேன். எங்கள் ஆபீசில் கையெழுத்தில்லாமல் வருகிற மொட்டைக் கடுதாசியைப் படிப்போம், அதன்மேல் நடவடிக்கை எடுக்க மாட்டோம். இதையும் அப்படியே தபாலில் சேர்க்கிறேன். படித்துக்கொள். டிக்கெட் விஷயத்திலும் நடவடிக்கை எதுவும் வேண்டாம்.