சவாகோவுக்கு அனுப்பாத வாழ்த்து

28-10-2024
சவாகோ ஜெயித்துவிட்டாள். ஜப்பான் நாடாளுமன்ற உறுப்பினர்! இங்கே எங்கள் போசரி தொழிற்சாலையில் இரண்டு வருடம் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவள். மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டாள். அவள் முணுமுணுப்பதை நான்தான் உரக்க மொழிபெயர்ப்பேன். ஊர் திரும்பினாள், நகரசபைக்கு நின்றாள், இப்போது இது. நான் அதே நாற்காலியில், அதே மொழிபெயர்ப்பாளர்.

அவளே படம் அனுப்பியிருக்கிறாள். "வாழ்த்து சொல்லலையா, கோதை?" என்றார் இவர். சொல்கிறேன், நாளைக்கு.

29-10-2024
சொல்லவில்லை.

3-12-2024
எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியின் செயலாளர் தேர்தலில் நிற்கிறேன். "எதுக்கு இந்த வம்பு?" என்கிறார் இவர். அவள் நின்றால் சாதனை, நான் நின்றால் வம்பா? சவாகோவுக்கும் செய்தி அனுப்பிவிட்டேன். தெரிந்துகொள்ளட்டும்.

என்னை எதிர்த்து நிற்பவர் பத்மநாபன் சார், மிலிட்டரி அக்கவுண்ட்ஸில் ஓய்வு பெற்றவர். ஜப்பானில் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பது சட்டப்படி குற்றம் என்று சவாகோ சொல்லியிருக்கிறாள். எவ்வளவு கண்ணியம்! நானும் யார் வீட்டுக் கதவையும் தட்டப் போவதில்லை.

13-1-2025
காலையில் கேட் அருகே நின்று, போகிறவர்களுக்கெல்லாம் ஜப்பான்காரர்கள் மாதிரி குனிந்து வணக்கம் சொன்னேன். ஹிஞ்சேவாடி ஐ.டி. ஆபீஸ் கேப் பிடிக்கிற அவசரத்தில் ஒருவரும் நிற்கவில்லை. "குச் கிர் கயா க்யா, மேடம்?" ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டு, வாட்ச்மேன் என்னோடு சேர்ந்து தரையில் தேட ஆரம்பித்துவிட்டார்.

19-1-2025
தோற்றேன். படுதோல்வி.

கீழ்வீட்டு ஸ்ரீரஞ்சனி சொன்னாள்: "நீங்க எங்காத்துக்கு வரவே இல்லையே. பத்மநாபன் சார் சங்கராந்திக்கு எள்ளுருண்டையோட வந்து, உட்கார்ந்து பேசிட்டுப் போனார். ஓட்டு வேணும்னா ஒரு வார்த்தை நேர்ல கேக்க வேண்டாமா?"

கண்ணியமாம் கண்ணியம்!

'என்ன ஆயிற்று?' என்று சவாகோவிடமிருந்து இரண்டு செய்தி. பதில் போடவில்லை.

11-6-2025
நாடாளுமன்றத்தில் அவள் பேசும் வீடியோ. நிறுத்தி நிதானமாகப் பேசுகிறாள், பாவி. இந்தியாவில் தனக்காகச் சத்தம் போட ஒரு சிநேகிதி இருந்தாளாம். பெயர் சொல்லவில்லை. சொன்னால் குறைந்தா போய்விடுவாள்?

மூன்று முறை பார்த்தேன்.

9-2-2026
ஜப்பான் நாடாளுமன்றத்தைப் பாதியிலேயே கலைத்து மறுபடி தேர்தல் வைத்தார்கள். சவாகோ தோற்றுவிட்டாள்.

முதலில் வந்தது சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான். இன்னொரு காபி போட்டுக் குடித்தேன். சே, என்ன ஜென்மம் நான்?

அப்புறம் ஒரு வீடியோ. இன்று காலை, அவள் ஊர் ரயில் நிலைய வாசல், கொட்டுகிற பனி. தோற்ற மறுநாளே அங்கே நின்று, வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் குனிந்து நன்றி சொல்கிறாள். பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானோ தோற்ற பிறகு ஒரு வாரம் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கி வேலைக்குப் போனவள். தோற்பதில்கூடவா என்னை முந்த வேண்டும்? அதற்கும் வயிறு எரிந்தது.

10-2-2026
கூப்பிட்டேன். ஆறுதல் வார்த்தைகளையெல்லாம் ஜப்பானிய மொழியில் தயாராக வைத்திருந்தேன். எடுத்ததும் அவள் கேட்டது, "உன் தேர்தல் என்ன ஆச்சு?"

சொன்னேன். ஒரு கதவையும் தட்டாத கதையையும் சொன்னேன். "உங்கள் ஊரில் அது குற்றமில்லையே, கோதை!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு, "வாழ்த்துகள்" என்றேன்.

"தோற்றதற்கா?"

"போன தடவை ஜெயித்தாயே, அதற்கு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அன்றைக்கு எல்லோரும் சொல்லிவிட்டார்கள்" என்றாள். "உன்னுடையது வருமென்று விடியும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."