தோளுக்குக் கீழே

ஸ்ஃபாக்ஸ், செவ்வாய்க்கிழமை

என் மப்ரூக்கா,

போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன். ஆலிவ் மரத்தை உலுக்கி உலுக்கியே தோளைக் கெடுத்துக்கொண்டேன் என்று திட்டுவாயே! அல்ட்ராசவுண்டில் தசைநார் கிழியவே இல்லையாம். "அப்ப இன்னும் பத்து வருஷம் கழுதையா உழைக்கலாம்"னேன். டாக்டரம்மாவும் சிரித்தார்.

பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் அவர் தோள் எலும்பைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே, நுரையீரலின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டது.

"எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்க, ஹாஜி?"

நான் தோளைத்தானே காட்டப் போனேன்?

அடுத்த வாரம் நெஞ்சுக்கு ஸ்கேன். மகளிடம் சொல்லாதே, பச்சை உடம்புக்காரி. பேரனைக் கொஞ்சிவிட்டுக் கிளம்பி வா.

என்னிடமிருந்து நீ சிகரெட்டை ஒளித்துவைக்கும் ரவை டப்பாவில் இன்று நானே பாக்கெட்டைப் போட்டு மூடிவிட்டேன். வந்து திட்டேன்.

உன் கிழவன்